சினை நாய்க்குப் பச்சைக் கறி போடலாமா? சிங்கக்குட்டி சொன்ன பதில்

நாய்க்கடி ஊசியின் அடுத்த டோஸுக்கு வந்த அக்கா ஒருத்தர் கேட்டாங்க:

"டாக்டர், வீட்ல நாய் சினையா இருக்கு. பச்சைக் கறியும் கால்சியம் மாத்திரையும் குடுங்கன்னு வீடியோல சொல்றாங்க. போன ஈத்துல குட்டி ஒண்ணுகூட தங்கல. குடுக்கலாமா?"

நான் மனுஷ டாக்டர். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கும் வரலாற்றில் மனுஷ டாக்டர்கள்தான் ஹீரோ. வாங்க பார்க்கலாம் 👇

📌 லண்டன், 1889

லண்டன் உயிரியல் பூங்காவில் சிங்கக்குட்டிகள் ஈத்துக்கு ஈத்து செத்துக்கொண்டே இருந்தன. கால் வளைந்து, எலும்பு மென்மையாகி, ரிக்கெட்ஸ்!

உணவு என்ன? கிழட்டுக் குதிரையின் கொழுப்பில்லாத பச்சைக் கறி. அந்த எலும்பு குட்டிகளால் கடிக்க முடியாத அளவு கடினம்.

மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் பிளாண்ட் சட்டனிடம் யோசனை கேட்டார்கள். அவர் கறியை நிறுத்தவில்லை. கூடவே நொறுக்கிய எலும்பு, பால், மீன் எண்ணெய் கொடுக்கச் சொன்னார்.

மூன்றே மாதத்தில் ரிக்கெட்ஸ் மறைந்தது. குட்டிகள் பிழைத்து வளர்ந்தன.

காரணம் சிம்பிள். 100 கிராம் கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மி.கி. கால்சியமோ சுமார் 10 மி.கி. தான்! காட்டில் சிங்கம் எலும்பையும் சேர்த்துத் தின்கிறது.

📌 1919

எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வெயில் படாமல் வைத்து, ஓட்ஸ் கஞ்சி கொடுத்து வளர்த்தார். ரிக்கெட்ஸ் வந்தது. மீன் எண்ணெய் கொடுத்தார், வரவில்லை. வைட்டமின் டி கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது இந்த நாய்க்குட்டிகள்தான்.

ஆக, வெறும் கறியும் தப்பு, வெறும் கஞ்சியும் தப்பு.

📌 1993

ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் எழுதிய புத்தகத்தால் பச்சை உணவு முறை பிரபலமானது. அவர் சொன்னது எலும்போடு சேர்ந்த பச்சைக் கறி. நம்ம ஊர் வீடியோவுக்கு வருவதற்குள் எலும்பு காணாமல் போய், கறி மட்டும் மிஞ்சிடுச்சு!

சரி, எலும்போடயே போட்டா? கால்சியம் கணக்கு ஓரளவு சரியாகும். கிருமி கணக்கு சரியாகாது.

அதே ஆஸ்திரேலியாவில் காட்டுப்பன்றிப் பச்சைக் கறி தின்ற நாய்களுக்கு புருசெல்லா சூயிஸ் தொற்று வந்தது. சினை நாய்க்குக் கரு கலையும். மனிதருக்கும் பரவும். சால்மோனெல்லாவை ஃப்ரீசர் கொல்லாது, உறங்க வைக்கும், அவ்வளவுதான். 2012ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் பச்சைக் கறி வேண்டாம் என்றே நிலைப்பாடு எடுத்தது.

📌 அப்போ கால்சியம் மாத்திரை?

இங்கதான் பெரிய ட்விஸ்ட். சினைக் காலத்தில் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால் பாராதைராய்டு சுரப்பி சோம்பேறி ஆகிடும். குட்டி போட்டதும் பால் வழியாகக் கால்சியம் வெளியேறும். எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய சுரப்பியோ தூங்கும். நடுக்கம், விறைப்பு, வலிப்பு, சில மணி நேரத்தில் மரணம்கூட நேரலாம்.

அக்காகிட்ட நான் சொன்னது:

✅ கறியை வேகவைத்துக் கொடுங்க
✅ சினை நாய்க்கான சமச்சீர் உணவுக்கு கால்நடை மருத்துவரைக் கேளுங்க. போன ஈத்து ஏன் தங்கலைன்னு ரத்தப் பரிசோதனையும் கேளுங்க
❌ வேகவைத்த எலும்பு வேண்டாம், குத்தும்
❌ நீங்களா கால்சியம் வேண்டாம்
🚨 குட்டி போட்ட பின் நடுங்கினா, ராத்திரியானாலும் உடனே ஓடுங்க

குட்டி பிறந்தா காட்டுறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. காத்திருக்கேன்.