பவளப்பூச்சியும் நாமக்கல் கோழியும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதனாலதான் இந்தப் பக்கம் தலைகாட்டவே முடியல. நடுவுல ஊருக்குப் போயிட்டு வந்தப்ப கிடைச்ச மேட்டர் இது. கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு டீயோட உக்காருங்க.

ஊருன்னா ராசிபுரம் பக்கம். மாமாவுக்கு அங்கே கோழிப்பண்ணை. சித்திரை வெயில்ல கொட்டகைக் கூரை மேல பைப் வெச்சுத் தண்ணி அடிச்சிட்டிருந்தார். முட்டை அட்டையிலிருந்து ஒண்ணை எடுத்து என் கையில குடுத்தார். அமுக்கினா பலூன் மாதிரி உள்ளே போகுது.

"தோல் முட்டை கண்ணு. வெயிலு ஏறுனா இப்படித்தான். வாயத் தொறந்துக்கிட்டே நிக்குது, தீவனமும் எடுக்கறதில்ல. ஓடு எங்கிருந்து வரும்?"

தீவனத்துல கிளிஞ்சல் கலக்கறாங்க, தண்ணில சோடா உப்பு போடறாங்க. காரணம் சுவாரசியமானது. முட்டை ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. கோழிக்கு வேர்க்காது. சூட்டைத் தணிக்க அது வேகவேகமா மூச்சு வாங்கும். அப்படி வாங்கும்போது ரத்தத்திலிருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போயிடும். ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டுக்கு மூலப்பொருளே அதுதான். கால்சியம் வயிறு நிறைய இருந்தாலும் கூட்டாளி இல்லாம ஓடு கட்ட முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சோடா உப்பு.

மூலையில இருந்த கிளிஞ்சல் மூட்டையைப் பார்த்ததும்தான் எனக்குக் கடல் ஞாபகம் வந்தது. இதே மாதிரி சுண்ணாம்பு கட்டிப் பிழைக்கிற, இதே மாதிரி வெயிலுக்கு அல்லாடுற ஒரு ஜீவன் நம்ம மன்னார் வளைகுடாவுல இருக்கு. அதுக்குக் கூரை மேல தண்ணி அடிக்க மாமா கிடையாது.

பவளப்பூச்சியைத்தான் சொல்றேன். பூச்சின்னு சொன்னாலும் உண்மையில் அது ஜெல்லிமீனின் உறவுக்காரன். பெரும்பாலான வகைகள்ல ஒரு தனி உயிர் சில மில்லிமீட்டர்தான். தனக்குக் கீழே சுண்ணாம்புக் கிண்ணம் கட்டி அதுல உக்காந்திருக்கும். ஆயிரக்கணக்கில் சேர்ந்து கட்டினதுதான் பவளப்பாறை. ஈழத்து நண்பர்கள் முருகைக்கல் என்பார்கள். (அத்தையோட மோதிரத்துல இருக்கற சிவப்புப் பவளம் வேற சாதி. அது பெரும்பாலும் மத்தியதரைக்கடல் சரக்கு.)

சேலத்துக்காரனுக்கும் பவளத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டா, ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குப் போங்க. ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கு. 1863ல் பல்லாவரத்துல கற்கால ஆயுதம் கண்டெடுத்தவர்னுதான் நமக்கெல்லாம் அவரைத் தெரியும். பிழைப்புக்கு அவர் பார்த்தது நிலவியல் சர்வே வேலை. வில்லியம் கிங்கோட சேர்ந்து சேலம், திருச்சி ஜில்லாக்களின் பாறைகளைப் பற்றி எழுதினார். அப்புறம் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்கள் பற்றிய அவர் அறிக்கை 1883ல் வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ராமேசுவரம் தீவைப் பற்றித் தனியா எழுதினார். ரிட்டயர் ஆனபின் ஏற்காட்டுல குடியேறி, 1912ல் இறந்தார்.

ராமேசுவரத்தின் வடகரையில் அவர் கவனிச்சது தண்ணிக்கு மேல நிக்கிற செத்த பவளப்பாறை. பவளம் தண்ணிக்கு வெளியே வளராது. அப்படின்னா ஒரு காலத்துல கடல் இன்னும் உயரமா இருந்திருக்கணும், அல்லது நிலம் மேலே எழும்பியிருக்கணும். 1972ல் ஸ்டாடர்ட், கோபிநாத பிள்ளை இருவரும் இந்த ராமநாதபுரத்துப் பாறைகளைப் பற்றி எழுதினாங்க. அதன் வயசு சுமார் 4,000 வருஷம். கடல் இறங்கினப்ப மேலே இருந்தது செத்துப்போச்சு, அடுத்த தலைமுறை இன்னும் கீழே ஒரு பாறையைக் கட்டிக்கிச்சு. நம்ம பவளத்துக்கு இடம் மாறிப் பிழைச்ச அனுபவம் உண்டு. ஆனா அது நூற்றாண்டுக்கணக்கில், மெதுவா நடந்த இடமாற்றம்.

கோபிநாத பிள்ளை மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல இருந்தவர். இந்தியப் பவள ஆராய்ச்சியில அவர் பேரைத் தாண்டி யாரும் போக முடியாது. 1969 ஜனவரியில் அந்த மண்டபம் கேம்ப்பில் பவளப்பாறை பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. பவளப்பாறைக்கான சர்வதேசக் கருத்தரங்க வரிசையில் அதைத்தான் முதலாவதா எண்றாங்க. 2022ல் ஜெர்மனியின் பிரெமனில் நடந்தது 15ஆவது. உலகமே வரிசை எண் போடுறது நம்ம மண்டபத்துல ஆரம்பிச்சு. நம்ம பாடப்புத்தகத்துல இதை ஒரு வரி எழுத யாருக்கும் தோணல.

அன்னிக்கு அவங்க முன்னாடி இருந்த பிரச்சனை சூடு இல்ல, கடப்பாரை. பவளத்தைப் பெயர்த்து சுண்ணாம்புக் காளவாய்க்கும், வீடு ரோடு போடவும், ஆலைக்கும் அனுப்பிட்டிருந்தாங்க. மகாதேவன், நாகப்பன் நாயர் ரெண்டு பேரும் அந்தக் கருத்தரங்குக்காகவே இதைப் பற்றி எழுதினாங்க. யாரும் கண்டுக்கல. 21 தீவுகள்ல ரெண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், தண்ணிக்குள்ள போயிடுச்சு. அலையைத் தாங்கின பாறையைப் பேத்தெடுத்ததுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1986ல் தேசியப் பூங்கா அறிவிச்சாங்க. 2001ல் கல் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோட சேர்த்து வெச்சாங்க. ஆனா தூத்துக்குடிப் பக்கம் கல்லெடுப்பது நின்னது 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம், 2005 வாக்கில். சட்டத்தை விட அலை சொன்னதுதான் ஜனங்களுக்குப் புரிஞ்சது.

இதுக்கு நடுவுலதான் 1998 வந்தது. எல் நினோ வருஷம். ரோஹன் ஆர்தர் அந்த வருஷம் மூணு இடங்களை ஆராய்ந்தார். கட்ச் வளைகுடாவில் 11 சதவீதப் பவளம் வெளுத்திருந்தது. லட்சத்தீவில் 82. மன்னார் வளைகுடாவில் 89. நம்ம பக்கம் அதில் 23 சதவீதம் செத்தே போச்சு.

வெளுக்கறதுன்னா என்ன? பவளப்பூச்சியின் சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கு. வெயிலை வாங்கிச் சமைச்சு, வாடகையாச் சாப்பாட்டைக் குடுக்கறது அதுங்கதான். பவளத்தோட பெரும்பங்கு சாப்பாடும், நிறமும் அந்தப் பாசியால்தான். தண்ணி வழக்கமான கோடைச் சூட்டை விட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நின்னா போதும், பாசியின் சமையலறை கெட்டு விஷமான ஆக்சிஜன் கசிய ஆரம்பிக்கும். பூச்சிக்கு வேற வழியில்ல, குடித்தனக்காரனை வெளியே தள்ளிடும். கண்ணாடி மாதிரி சதை, உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு. அதான் வெளுப்பு. செத்துப்போகல, பட்டினி கிடக்குது. கையிருப்புக் கொழுப்பைத் தின்னுக்கிட்டு, ராத்திரி கொடுக்கை நீட்டி மிதவை உயிர்களைப் பிடிச்சுத் தின்னுக்கிட்டு, தென்மேற்குக் காத்து அடிச்சுத் தண்ணி ஆறுற வரைக்கும் காத்திருக்கும். ஆறினா பாசி திரும்ப வரும். சில கடல்கள்ல சூடு தாங்கற வேற வகைப் பாசியைக் குடிவெச்சுக்கறதும் நடந்திருக்கு. அதுக்கு விலை உண்டு, அந்தப் பாசி குடுக்கற வாடகை கம்மி, வளர்ச்சி மெதுவாகும்.

எல்லாப் பவளமும் ஒரே மாதிரி தாங்கறதில்ல. மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு வருஷத்துக்கு 10 செ.மீ. வரைக்கும் வளர்ற அக்ரோபோரா வகைகள்தான் முதல்ல விழும். குண்டுக்கல் மாதிரி வருஷத்துக்கு ஒரு செ.மீ. வளர்ற போரைட்டஸ் தடித்த சதையோட தாக்குப்பிடிக்கும். ஆனா மீன்குஞ்சு ஒளியறது கிளைகளுக்குள்ளதான், குண்டுக்கல்லுல இல்ல.

தூத்துக்குடியில சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அவங்க வருஷா வருஷம் எடுத்த கணக்குதான் எனக்கு இந்தக் கதையில முக்கியமாப் படுது. கல்லெடுப்பது நின்ன 2005ல் உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு சுமார் 37 சதவீதம். 2009ல் சுமார் 43. அதாவது கடப்பாரையை எடுத்ததும் நாலே வருஷத்துல தானா வளர்ந்திருக்கு. 2010 வெளுப்பில் 33க்கு விழுந்தது. மறுபடி ஏறி 39. 2016 வெளுப்பில் 23. அந்தத் தடவை அதிகம் செத்ததும் கிளைக்காரங்கதான்.

எங்க வேலையில சர்வர் விழுந்து எழ பத்து நிமிஷம் ஆகும்னு வைங்க, எட்டு நிமிஷத்துக்கு ஒருதரம் அதை யாரோ தள்ளிவிட்டா அது என்னிக்கும் எழாது. 1998, 2010, 2016, 2024 - இந்த இடைவெளிகளைக் கணக்குப் போட்டுப் பாருங்க. நாலாவது உலகளாவிய வெளுப்புன்னு 2024 ஏப்ரலில் அறிவிச்சாங்க. 2023லிருந்து எடுத்த கணக்குப்படி உலகப் பவளப்பாறைப் பரப்பில் 84 சதவீதம் வெளுக்கற அளவுக்குச் சூட்டைப் பார்த்திருக்கு.

சூடு போதாதுன்னு கோழிக்கதை வேற. கோழிக்குக் கரியமில வாயு வெளியே போறது பிரச்சனை. கடலுக்கு அது உள்ளே வர்றது பிரச்சனை. கரைஞ்சு அமிலமாகி, ஓடு கட்ட வேண்டிய கார்பனேட்டைக் கரைச்சுடுது. ரெண்டு பக்கமும் முடிவு ஒண்ணுதான், மெலிசான ஓடு.

அதே நிலையம் 2002லிருந்து உடைஞ்ச பவளக்கிளைகளைக் கான்கிரீட் சட்டத்துல கட்டித் தீவுகளைச் சுற்றி நட்டுக்கிட்டு வருது. நல்ல வேலைதான். ஆனா நட்டதும் அதே தண்ணிலதானே நிக்கணும்?

மாமா கிட்ட இதெல்லாம் சொன்னேன். பைப்பை மூடிட்டு, "அதுங்களுக்கு ஐப்பசி கார்த்திகைக்குள்ள தேறிக்குமா?"ன்னு கேட்டார். 1998க்கு அப்புறம் தேறின இடமும் உண்டு, தேறாத இடமும் உண்டுன்னு சொன்னேன். தலையாட்டிட்டு அடுத்த கொட்டகைக்குப் போயிட்டார்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஏற்காடு ஏறி ஃபூட் கல்லறையைப் பார்க்கலாம்னு இருக்கேன். போட்டோ எடுத்தா போடறேன். குருசடைத் தீவுப் பக்கம் போய் வந்தவங்க யாராவது இருந்தா, தண்ணிக்கடியில என்ன நிறம் பார்த்தீங்கன்னு சொல்லுங்க :-)