ஐ. எம். விஜயன்

ஐ. எம். விஜயன் (பிறப்பு: ஏப்ரல் 25, 1969) இந்தியக் கால்பந்தாட்ட அணியின் முன்னாள் முன்கள வீரர். கேரள மாநிலம் திருச்சூரில் பிறந்தவர். தருமபுரிப் பக்கத்து மாணவர்களிடம் இவர் படத்தைக் காட்டினால், "பிகில் படத்தில் வருபவர்" என்றுதான் சொல்வார்கள். திமிரு (2006), கொம்பன் (2015), பிகில் (2019) ஆகிய தமிழ்ப் படங்களில் நடித்திருப்பதால் அது தவறும் இல்லை. ஆனால் திரைக்கு வரும் முன்பே, நாட்டின் சிறந்த வீரராக மூன்று முறை தேர்வு பெற்றவர் இவர்.

சிறுவயதில் திருச்சூர் நகராட்சி விளையாட்டரங்கில் சோடா விற்றார். ஒரு பாட்டில் விற்றால் 10 பைசா. குடும்பம் அவ்வளவு வறியது. அந்த அரங்கிலேயே அவருடைய ஆட்டமும் கவனிக்கப்பட்டது. 1987இல், 17ஆம் வயதில், கேரளக் காவல்துறை அணியில் இடம் கிடைத்தது. வி. பி. சத்யன், சி. வி. பாப்பச்சன், ஷரஃப் அலி ஆகியோர் ஆடிய அணி அது. 1990இல் திருச்சூரில் சல்கோகர் அணியையும், 1991இல் கண்ணூரில் மகிந்திரா அணியையும் வென்று, தொடர்ந்து இருமுறை கூட்டமைப்புக் கோப்பையைக் கைப்பற்றியது. கொல்கத்தா, கோவா கழகங்களை நம்பியிருந்த இந்தியக் கால்பந்தில் ஒரு காவலர் அணி இதைச் செய்தது சிறிய செய்தி அல்ல.

அந்தக் காலத்தில் ஏழை வீட்டுப் பையனுக்குப் பந்து சோறு போட வேண்டுமானால் காவல்துறை, ரயில்வே, வங்கி போன்ற துறை அணிகளே வழி. சத்யனும் பின்னர் சென்னை இந்தியன் வங்கி அணிக்கு ஆடினார். இதே காலத்தில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ யுவென்டசிலிருந்து மிலானுக்கு மாறினார் (1995); அங்கே கழகமே வீரனின் பிழைப்பு. இங்கே கழகத்தை நம்பி அரசு வேலையை விடுவது துணிச்சல். விஜயன் 1991இல் மோகன் பகானுக்குச் சென்று அந்தத் துணிச்சலைக் காட்டினார். அவருடைய வேகத்தைப் பார்த்த கொல்கத்தா ரசிகர்கள் "கறுப்பு மான்" என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்குப் போனார். 1996-97இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கை அந்த அணி வென்றது. அங்கே உடன் ஆடிய பைச்சுங் பூட்டியாவோடு இந்திய அணியிலும் இணை சேர்ந்தார். 1997இல் எஃப்.சி. கொச்சின் தொடங்கப்பட்டு, அதே ஆண்டு டூரண்ட் கோப்பையை வென்றது. அக்கழகத்துக்கு ஆடிய தமிழ்நாட்டு வீரர் ராமன் விஜயன் 1997-98 லீக்கில் 10 கோல்களுடன் முதலிடம் பெற்றார். (பெயர் ஒற்றுமையால் இருவரையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) ஆனால் கொச்சின் கழகம் சில ஆண்டுகளில் பணமின்றிச் சிதைந்தது. விஜயன் மீண்டும் கழகம் கழகமாக மாறினார்: மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், ஜே.சி.டி., சர்ச்சில் பிரதர்ஸ்.

1999இல் காத்மாண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆவது நொடியில் கோல் அடித்தார். சர்வதேச ஆட்டங்களின் மிக விரைவான கோல்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. 2003இல் ஐதராபாத்தில் நடந்த ஆப்ரோ-ஆசிய விளையாட்டுப் போட்டியில் 4 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். இறுதியாட்டத்தில் உஸ்பெகிஸ்தானிடம் 0-1 எனத் தோற்ற இந்தியாவுக்கு வெள்ளி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 34. அத்துடன் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். அதே ஆண்டு அருச்சுனா விருது பெற்றார்.

கழக ஆட்டங்களும் முடிந்தபின் விஜயன் திரும்பியது கேரளக் காவல்துறைக்குத்தான். 2025இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், அதே ஆண்டு ஏப்ரலில் மலப்புறத்திலுள்ள மலபார் சிறப்புக் காவல்படையிலிருந்து பணி ஓய்வு பெற்றார்.