பிள்ளை பெற்ற வீட்டுப் பேச்சுக்கு ஓர் உரை

“தாயி, மொதப் பாலப் பீச்சி வெளிய விட்டுரு. சேனை வச்சப்பறம் மாருல போடு. பத்தலன்னா சுறாப்புட்டும் பூண்டும் தின்னு. ராத்திரி பக்கத்துலயே போட்டுக்க. பால் கட்டிக்கிட்டா மல்லியப்பூ வச்சுக் கட்டு.”

தென் மாவட்டத்து அப்பத்தா எவரும் சொல்லக்கூடிய பேச்சுதான். இதற்கு உரை சொல்ல ஓர் அளவுகோல் போதும்: சொன்னது குழந்தையை மாருக்குக் கொண்டுவருகிறதா, மாரிலிருந்து விலக்குகிறதா? குழந்தை சப்பினால் தாயின் ரத்தத்தில் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறும். மார்பு காலியாகக் காலியாக அடுத்த பால் ஊறும். தேங்கிக் கிடந்தால் சுரப்பு குறையும்.

மொதப் பாலப் பீச்சி வெளிய விட்டுரு: மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்து, மாரில் கிடந்து கெட்ட பால் என்று நினைத்துவிட்டார்கள். முதல் நாள் வருவதே சில தேக்கரண்டிதான். அன்றைக்குக் குழந்தையின் வயிறு கொள்வதும் அவ்வளவுதான். நோய் எதிர்ப்புப் பொருள் செறிந்த பால் இது. வயிற்றில் தங்கியிருக்கும் கரும்பச்சை மலத்தை இளக்கி வெளியேற்றுவதும் இதுவே. பசு கன்று போட்டால் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து அவித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கிற அதே வீட்டில், பெற்றவளின் சீம்பால் மட்டும் தரைக்குப் போவது எந்த ஊர் நியாயமோ.

சேனை வச்சப்பறம் மாருல போடு: நல்ல குணமுள்ளவர் விரலால் தொட்டு நாக்கில் இனிப்பு வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. குடும்பத்துப் பிரியம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மாரில் போட வேண்டிய பிள்ளை, சேனை வைக்க ஆள் வந்து சேரும்வரை காத்துக் கிடக்கிறது. வைப்பது தேனாக இருந்தால் இன்னும் மோசம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். சர்க்கரைத் தண்ணீருக்கும் அந்த வேளையில் வேலை இல்லை.

பத்தலன்னா சுறாப்புட்டும் பூண்டும் தின்னு: சுறாப்புட்டில் குற்றமில்லை, குற்றம் “பத்தல” என்று முடிவு கட்டுவதில் இருக்கிறது. பிள்ளை வீறிட்டு அழுதால் அந்தத் தீர்ப்பை வாசலில் நிற்பவர்கூடச் சொல்லிவிடுவார். அழுகைக்குப் பசி ஒரு காரணம் மட்டுமே. பால் போதுகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் துணி: ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது நனைகிறதா? முதல் சில நாளில் கொஞ்சம் குறைந்த எடை, இரண்டு வாரத்துக்குள் பிறந்த அளவுக்குத் திரும்பிவிட்டதா? இதைப் பார்க்காமல் புட்டிப்பால் வாங்கினால், பிள்ளை மாரில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பு குறையும். “அப்பவே சொன்னேன்ல” என்ற பேச்சு உண்மையாகிவிடும். பிள்ளை வாயில் காம்பு மட்டும் போகிறதா, அதைச் சுற்றிய கருவட்டமும் சேர்ந்து போகிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. காம்பு வெடித்து ரத்தம் கசிவது பெரும்பாலும் அந்தப் பிடி சரியில்லாததால்தான்.

சுறாவும் பூண்டும் பாலைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனாலும் இந்த வாக்கியத்தை நான் விடமாட்டேன். பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சியது மருமகளுக்கு என்றிருக்கும் வீட்டில், அவள் பெயரைச் சொல்லி ஒரு புரதப் பண்டம் அடுப்பேறுவது சின்ன விஷயமா? கையோடு, “தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும்” என்கிற பத்தியத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும்.

ராத்திரி பக்கத்துலயே போட்டுக்க: புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாகச் சுரக்கிறது, அதனால் சரி. மூச்சை அடைக்கும்படி தலையணையும் கனத்த போர்வையும் பிள்ளை அருகில் இருக்கக் கூடாது.

மல்லியப்பூ வச்சுக் கட்டு: ஐந்தில் கவனமாக வாசிக்க வேண்டியது இதுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் மார் கனக்கும், ஊறும், சேலையை நனைக்கும். அவளுக்குப் பாலை வற்ற வைக்க வந்த வழக்கம் இது. வேலூரில் மருத்துவர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு சாராருக்கு மார்பில் மல்லிகைப்பூ, மறு சாராருக்குப் பால் வற்ற வைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரை. 1988-இல் வெளியான முடிவின்படி இருசாராருக்குமே புரோலாக்டின் இறங்கியது. மாத்திரையில் அது அதிகம் இறங்கினாலும், பால் வற்றியதிலும் மார் கட்டு தணிந்ததிலும் பூ பின்தங்கவில்லை. அப்பத்தாக்கள் அனுமானத்தில் சொல்லவில்லை.

ஆகவே பால் கொடுத்துக்கொண்டிருப்பவள் மார் கட்டிக்கொண்டது என்று பூவைத் தேடினால், உள்ள பாலும் போய்விடும். கருவட்டம் கல்லாக இறுகி பிள்ளையால் பிடிக்க முடியாதபோது, முதலில் கையால் கொஞ்சம் பீச்சி இளக்கிவிட்டு மாரில் போட வேண்டும். குடித்து முடித்தபின் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். ஒரு பக்கம் சிவந்து காய்ச்சலும் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொதுவாக அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.