வெறி என்ற ஒற்றைப் பெயர்

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை துறைமுகத்தையும் ஆலைகளையும் அண்டி வாழ்ந்த மக்களிடையே, ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வருகிற, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிற, வலிப்புக் கண்டு நுரைதள்ளிச் சாய்கிற நாய்க்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் ஒன்றே: வெறிநாய். அப்பெயர் விழுந்துவிட்டால் அப்பிராணிக்குக் கல்லடியோ மாநகராட்சியின் நாய்வண்டியோதான் கதி. பிராணிநல அமைப்பான புளூ கிராஸ் 1964 முதல் வற்புறுத்திவந்த கருத்தடை முறையை ஏற்று, தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை மாநகராட்சி கைவிட்டது 1996இல்தான். அந்த மக்களின் அச்சத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வெறிநோய் கண்டபின் பிழைத்த மனிதர் அரிதினும் அரிது. ஆயினும், மூளையில் கட்டி வளர்ந்து வருந்திய நாய்களும் அப்பெயராலேயே மாண்டிருக்கும் என்பதை நினைக்கையில் நெஞ்சம் கனக்கிறது.

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிய அதே 1903ஆம் ஆண்டில், இத்தாலியரான நெக்ரி என்னும் வைத்தியர், வெறிநோயால் இறந்த பிராணிகளின் மூளை உயிரணுக்களில் நுண்ணிய உருண்டைகளைக் கண்டறிந்தார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு, சந்தேகத்துக்குரிய நாயின் தலையை அறுத்தெடுத்து, மூளையின் மெல்லிய சீவலை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பதே முதன்மையான பரீட்சையாக விளங்கிற்று. நாயின் மூளையைக் காண வேண்டுமாயின் முதலில் அந்த நாய் இறந்தாக வேண்டும்! 1895இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரேயும் கபாலத்தின் எலும்பைக் காட்டியதேயன்றி, உள்ளிருக்கும் மென்மையான மூளையைக் காட்டவில்லை.

அந்தத் திரையை விலக்கியது எம்.ஆர்.ஐ. தேகத்தின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தத்தால் ஒழுங்குபடுத்தி, வானொலி அலையால் அசைத்து, அவை மீளும்போது தரும் சமிக்ஞைகளைச் சித்திரமாக்கலாம் என்று 1973இல் வேதியியலாளர் லாட்டர்பர் நிரூபித்தார். 1997இல் அயல்நாட்டு மருத்துவர்கள் மூளைக்கட்டி கண்ட 50 நாய்களின் படங்களை ஒருங்கே ஆராய்ந்து வெளியிட்டனர். மூளையுறையில் எழும் மெனிஞ்ஜியோமா பெரும்பாலும் விளிம்பையொட்டி நின்று, ஊசிமருந்து ஏற்றியதும் பளிச்சென ஒளிர்கிறது. பாக்ஸர் முதலான சப்பைமூக்கு இனங்களை மிகுதியாகப் பீடிக்கும் கிளையோமாவோ மூளையின் உட்பகுதியிலேயே வேரோடுகிறது. ஐந்து வயதுக்குமேல் முதன்முதலாக வலிப்புக் காணும் நாய்க்குக் கட்டி இருக்கலாம் என்று இன்றைய வைத்தியர் ஐயுறுவதும், வாரக்கணக்கில் நீளும் கட்டிநோயை, சில நாட்களில் உயிரை முடித்துவிடும் வெறிநோயினின்று பிரித்தறிவதும் இப்படங்களைக் கேட்கும் முன்னரே செய்ய வேண்டிய காரியங்கள்.

அசையாது கிடக்கும்படி நாயிடம் சொல்ல இயலாதாகையால் அதற்கு மயக்கமருந்து தருகிறார்கள். காந்த அறையின் வாயிலில், உடையவர் ஒருவர் உண்டென்பதற்கு அடையாளமாக இருந்த கழுத்துப்பட்டையை, அதன் இரும்பு வளையத்தோடு கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.