ஏரிக்கரையில் ஒரு தலைநகரம்

உட்கோட்டை என்று ஒரு கிராமம். அரியலூர் மாவட்டத்தில், ஜயங்கொண்டத்துக்குக் கிழக்கே இருக்கிறது. கோட்டை எங்கே என்று தேடிக்கொண்டு போகிறவர்களுக்கு முந்திரித் தோப்பும் மானாவாரிக் கொல்லைகளும்தான் தென்படும். பக்கத்திலே மாளிகைமேடு. மாளிகை இல்லை; மேடு உண்டு. ஆயுதக்களம் என்று இன்னொரு ஊர். அங்கே கலப்பையையும் மண்வெட்டியையும் தவிர வேறு ஆயுதம் எதையும் ஜனங்கள் கண்டதில்லை. மெய்க்காவல் புத்தூரில் மெய்க்காவல் செய்ய ராஜா இல்லை. சுண்ணாம்புக்குழி என்றும் ஒரு பெயர் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தனித்தனியாகப் பார்த்தால் இவை சாதாரணக் கிராமப் பெயர்கள். சேர்த்துப் படித்தால் ஒரு மாநகரத்தின் பேட்டைகள். அரண்மனை இங்கே, படைக்கலக் கொட்டில் அங்கே, காவற்படை குடியிருக்க இந்தப் பக்கம், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அந்தப் பக்கம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்துப் பிரித்திருக்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தின் வரைபடம் ஓலையிலும் இல்லை, செப்பேட்டிலும் இல்லை. தபால் முத்திரைகளில் இருக்கிறது!

முதலாம் ராஜேந்திர சோழன் கங்கைக் கரை வரையில் படை அனுப்பி வென்ற பிறகு, 1025ஆம் ஆண்டை ஒட்டித் தலைநகரைத் தஞ்சாவூரிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டான். தகப்பனார் கட்டிய பெரிய கோயில் தஞ்சையில் கம்பீரமாக நின்றுகொண்டிருக்கும்போது, கொள்ளிடத்துக்கு வடக்கே இந்த மேட்டு நிலத்துக்கு அவன் ஏன் வந்தான்? காவிரியின் நெல் வயல்களை அரண்மனையும் படைவீடும் விழுங்காமலிருக்கட்டும் என்று வந்திருக்கலாம். வடக்கே படை நடத்துவதற்குக் கொள்ளிடத்து வெள்ளம் குறுக்கே நிற்கக்கூடாது என்று எண்ணியிருக்கலாம். எதுவானாலும், நல்ல நஞ்சையை விட்டு விட்டுப் புன்செய்க் காட்டில் நகரம் அமைத்தானே, அந்த ஒரு காரியத்துக்காகவே அவனை நான் மதிக்கிறேன். கங்கை வரையில் படை செலுத்தியதைக்கூட இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

மேட்டு நிலத்துக்கு வந்தால் தண்ணீர் வேண்டுமல்லவா? அதற்குத்தான் சோழகங்கம். இன்று பொன்னேரி என்று சொல்லுகிறார்கள். வெற்றிக்கு அடையாளமாக மற்ற அரசர்கள் கல்தூண் நாட்டினார்கள். ராஜேந்திரன் நீராலேயே தூண் நாட்டினான் என்ற கருத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடு இந்த ஏரியைப் புகழ்கிறது. புலவர் வாக்கு இருக்கட்டும். கணக்கு என்னவென்றால், வடக்கு தெற்காகக் கரையின் நீளம் 16 மைல் என்றும், கொள்ளிடத்திலிருந்து 60 மைல் தூரம் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்றும், வெள்ளாற்றிலிருந்து இன்னொரு கால்வாய் வந்தது என்றும் 1855ஆம் ஆண்டு வெளியான ஆங்கிலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அதை எழுதியவர் ஏரியைப் பார்த்தபோது அது பாழடைந்து காடாகக் கிடந்தது. அப்படியும், இந்தியாவின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்றாக இது இருந்திருக்க வேண்டும் என்று அவர் மனம் விட்டு எழுதியிருக்கிறார்.

கதைப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் முதன்முதலில் குதிரையில் வருவது வீரநாராயண ஏரிக்கரை மேல் அல்லவா? அது இங்கிருந்து அதிக தூரமில்லை. பழுவேட்டரையர்களின் பழுவூரும் இதே அரியலூர் மாவட்டத்தில்தான், கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று இருக்கிறது. சோழர் கதை எழுதப் புறப்படுகிற எங்களைப் போன்றவர்கள் யானையையும் குதிரையையும் வாளையும் பற்றி எழுதிவிட்டு, மதகையும் கலிங்கையும் பற்றி எழுத மறந்துவிடுகிறோம். ராஜ்யம் நடந்ததென்னவோ மதகினால்தான்.

ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி என்று நகரத்தின் பெருஞ் சாலைகளுக்குப் பெயர் இருந்தது. மாளிகைமேட்டில் 1980 முதல் தமிழகத் தொல்லியல் துறையார் தோண்டிப் பார்த்தார்கள். 2021ல் மறுபடியும் தோண்டினார்கள். செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீன தேசத்துப் பீங்கான் உடைசல்களும் கிடைத்தன. சுமார் 250 வருஷம் இது தலைநகராக இருந்தது. 1279 வாக்கில் சோழராட்சி முடிந்தது. அரசன் போனதும் அதிகாரிகள் போனார்கள். அதிகாரிகள் போனதும் கால்வாய்க்குத் தூர் எடுக்க ஆளில்லை. 60 மைல் கால்வாயை ஒரு கிராமம் பராமரிக்க முடியுமா? தண்ணீர் நின்றது. பேட்டைகள் கிராமங்களாயின.

கல்லுக்கு வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். 1836ல் ஆர்தர் காட்டன் துரையின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அதற்குக் கல் வேண்டியிருந்தது. கோயிலின் வெளி மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கொண்டுபோனார்கள். ஊர் ஏழை ஜனங்கள் தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார்களாம். அதற்காகத் தண்டனை பெற்றதுதான் மிச்சம். போன கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று சர்க்கார் வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு நிறைவேறவே இல்லை என்று மேலே சொன்ன அதே ஆங்கிலக் குறிப்பு வெட்கத்தோடு பதிவு செய்கிறது.

கீழணையால் பலனில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அங்கிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போகிறது. ஆகவே சென்னைவாசிகள் குடிக்கிற தண்ணீரில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்லுக்கும் பங்கு உண்டு. கல்லைக் கொடுத்த ஊரின் ஏரி மட்டும் மழையை நம்பிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். இந்தச் சீமை மறுபடியும் திட்டங்களின் காலத்தில் இருக்கிறது. திருச்சியிலிருந்து 1995ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001ல் அரியலூர் பிரிந்தது. 2002ல் திரும்பச் சேர்ந்தது. 2007ல் மறுபடியும் பிரிந்தது. பத்திரத்தில் மாவட்டத்தின் பெயரை எழுதுவதற்கே குமாஸ்தாக்கள் திண்டாடியிருப்பார்கள். அரியலூருக்கு ரயில் உண்டு. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது, நெடுஞ்சாலைதான் கதி. ஊரும் சாலையைப் பிடித்துக்கொண்டே நீளுகிறது. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த பூமியில் மனைக்கல் முளைக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தின் ஏழரை லட்சம் ஜனங்களில் நகரவாசிகள் நூற்றுக்குப் பதினொருவர்தான். இனிமேல்தான் இங்கே நகரங்கள் உண்டாக வேண்டும். எப்படி உண்டாகப் போகின்றன என்பதுதான் கேள்வி.

சுண்ணாம்புக்குழியைப் பிறகு சொல்கிறேன் என்றேன். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்தப் பூமி கடலாக இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பி 1939ல் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. 1979ல் அரசாங்கமே அரியலூரில் சிமென்ட் ஆலை வைத்தது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. சோழன் காலத்தில் ஊருக்கு ஒரு சுண்ணாம்புக்குழி இருந்தது. இப்போது அரியலூரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் சுண்ணாம்புக்குழி.

ஜயங்கொண்டத்துக் கதை இன்னும் வேதனையானது. பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் செய்யப் போகிறோம் என்று 1990களின் நடுவில் 8000 ஏக்கருக்கு மேல் நிலம் கையகப்படுத்தினார்கள். சுரங்கமும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. நஷ்டஈடு போதாது என்று குடியானவர்கள் கோர்ட்டு ஏறினார்கள். நிலம் கண்ணெதிரே இருக்கிறது. விற்க முடியாது, அடகு வைத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய முடியாது. சுமார் இருபத்தைந்து வருஷம் கழித்து, திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தருவதென்று அரசாங்கம் முடிவு செய்தது. இதற்குள் ஒரு தலைமுறை முடிந்துவிட்டது.

நகர அமைப்புக்குச் சட்டம் இல்லாமலில்லை. சென்னை மாகாணத்தில் 1920லேயே சட்டம் வந்தது; 1971ல் புதிய சட்டம் வந்தது. வீடு எங்கே, கடை எங்கே, ஆலை எங்கே, வயல் எங்கே என்று வரைந்து, ஜனங்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1914ல், ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெட்டீஸ் சென்னைக்கு வந்தார். அவர் தாவர சாஸ்திரி. ஆகையால் ஊரையும் ஒரு செடியைப் போலப் பார்த்தார். தமிழ்நாட்டு ஊர்களைச் சுற்றிவிட்டு, குளங்களைத் தூர்க்காதீர்கள், சுத்தம் செய்யுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். கொசுவைச் சாக்காக வைத்துக் குளத்தை மூடியவர்களுக்கு அந்த யோசனை ருசிக்கவில்லை.

2025ல் சோழகங்கத்தைத் தூர்வாரிச் சீர்படுத்தப் போவதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் ஏரி என்பது கரைக்குள் இருக்கிற பள்ளம் மட்டும் அல்ல. பழைய வாய்க்கால்களின் தடம் யார் யார் பட்டாவுக்குள்ளே கிடக்கிறது, எத்தனை மனைப்பிரிவுகளுக்கு அடியிலே போகிறது என்று அளந்து பார்க்காமல் தூர்வாரினால், ஆழமான ஏரி கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது.

அரியலூர்ப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். கல்லெடுத்துக் கைவிட்ட சுரங்கங்களில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. யாரும் திட்டமிட்டு வெட்டிய ஏரி அல்ல. மதகு இல்லை, கலிங்கு இல்லை, பெயரும் இல்லை. அவற்றை ஏரிக் கணக்கில் எழுதுவதா, பள்ளக் கணக்கில் எழுதுவதா என்பதை அடுத்த வரைபடம் போடுகிறவர்கள் சொல்லியாக வேண்டும்.