'தமிழ்' திராவிடமான வழி

'திராவிடம்' என்ற சொல்லுக்கு வடமொழியில் வேர் தேடியவர்கள் உண்டு. அதன் ஒலிமாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், 'தமிழ்' என்பதன் திரிபே அது என்பது புலப்படும்.

முதலில் ழகரம். பிராகிருதத்தில் இவ்வொலி இல்லை. அசோகர் கல்வெட்டுகளில் சோழர் 'சோட' ஆனார்கள். தமிழும் அப்படியே. அனுராதபுரத்துப் பிராமிக் கல்வெட்டு அங்கிருந்த தமிழ் வணிகரைத் 'தமேட' என்கிறது. பாலியில் எழுந்த மகாவம்சம் 'தமிள' என்கிறது.

அடுத்து ரகரம். வடமொழியின் 'கிராமம்' பாலியில் ரகரத்தை இழந்து 'காம' ஆகும். இந்த வழக்கம் அறிந்த வடமொழியாளர், 'தமிள' என்பதிலும் ஒரு ரகரம் தொலைந்திருக்கும் என்று கருதித் 'திரமிள', 'திரமிட' என்று எழுதினர். இல்லாத எழுத்தை மீட்டதாக எண்ணிப் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள்! பிறகு மகரம் வகரமாயிற்று. அதே கிராமம் இந்தியில் 'காவ்' ஆனதும் இவ்வழியில்தான். இப்படிப் பிறந்தது 'திரவிட'. அதன் ரகரம் நெடிலாகி, 'அந்நாட்டைச் சேர்ந்த' என்ற பொருளில் 'திராவிட' ஆயிற்று.

ஒலி மாறியதோடு பொருளும் விரிந்தது. நம்மாழ்வார் பாசுரங்களைத் திராவிட வேதம் என்றபோது அச்சொல் தமிழையே குறித்தது. அந்தணர்களைப் பிரித்த 'பஞ்ச திராவிடர்' பட்டியலிலோ ஆந்திரரும் கன்னடரும் மட்டுமல்ல, மராட்டியரும் குஜராத்தியரும் இருந்தனர். அது தெற்கு என்ற திசையைக் கொண்டு வகுத்த பிரிவு.

தென்மொழிகள் தனி இனம் என்பதை 1816-இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் எடுத்துக்காட்டினார். அவ்வினத்துக்குத் 'திராவிடம்' என்ற பெயரை நிலைநாட்டியது 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். தமிழ் என்ற பெயரை ஒரு மொழிக்கு விட்டுவிட்டு, குடும்பம் முழுவதற்கும் வேறொரு பெயர் அவருக்குத் தேவைப்பட்டது. குமாரிலபட்டரின் வடமொழி நூலில் தென்மொழிகளுக்கு இப்பெயர் வழங்கியதை அவர் சான்றாகக் காட்டினார்.

அதன்பின் சொல்லின் எல்லை மொழியுறவின்படி அமைந்தது. மராட்டியும் குஜராத்தியும் வெளியேறின. நடு இந்தியாவின் கோண்டியும் பலுசிஸ்தானத்தின் பிராகுயியும் உள்ளே வந்தன. ஆகவே 'திராவிடர் எங்கிருந்து வந்தார்கள்?' என்று கேட்பவர், எந்தக் காலத்துத் திராவிடம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். தமிழிலிருந்து இப்பெயர் பிறந்ததால் மற்ற மொழிகளும் தமிழிலிருந்தே பிறந்தன என்று முடிவுகட்டுவதும் பிழை. அவற்றுக்கெல்லாம் மூலமான தொல்திராவிடத்துக்கு அதைப் பேசியவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதற்கு எந்தக் கல்வெட்டும் இல்லை.