மிளகு மோனோபோலி: குளச்சலில் ஆடிய ஆட்டம்

'ஆனோ 1602'-ன்னு ஒரு கேம், 1998-ல் வந்தது. தீவைப் பிடிக்கணும், ஊர் கட்டணும், வரி போடணும், மசாலாவைக் கப்பலில் ஏற்றி விற்கணும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நான் ஆடியிருக்கேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினதும் அதே 1602-ல்தான். அந்தக் கம்பெனி இந்த ஆட்டத்தை நிஜத்தில் ஆடித் தோற்ற இடம், கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல்.

டச்சுக்காரர்களின் உத்தி ரொம்ப சிம்பிள். மலையாளக் கரையில் இருந்த சின்னச் சின்ன அரசர்களோடு ஒப்பந்தம் போடுவாங்க: மிளகை எங்களுக்கு மட்டும்தான் தரணும், நாங்க சொல்றதுதான் விலை. 1729-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, அந்த மிளகு நாடுகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆரம்பித்தார். தக்கலை பக்கம் இருக்கிற பத்மநாபபுரம்தான் அவருடைய தலைநகர். 1741-ல் குளச்சலில் வந்து இறங்கிய டச்சுப் படை தோற்றது. பிடிபட்ட டிலனாய், பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை இன்னைக்கும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கு.

இதுவரைக்கும் பாடப்புத்தகத்திலேயே படிச்சிருப்பீங்க. எனக்கு வந்த கேள்வி வேற: ஜெயிச்ச பிறகு மிளகுக்கொடி வச்சிருந்தவருக்கு என்ன கிடைச்சது?

புது முதலாளி கிடைச்சார், அவ்வளவுதான். 1740களில் மன்னர் மிளகை அரசின் ஏகபோகமாக்கினார். விளைச்சலை அரசுப் பண்டகசாலைக்குத்தான் கொடுக்கணும், அரசு வைத்த விலைக்கு. வெளியே விற்றால் கடத்தல். 1753-ல் மாவேலிக்கரை ஒப்பந்தத்தில், டச்சுக்காரர்களும் அவரிடமே பேசிய விலைக்கு மிளகு வாங்க ஒத்துக்கிட்டாங்க. அந்த லாபம் படைக்கும் கோட்டைக்கும் போனது. ஆட்டத்தின் விதி மாறவே இல்லை, ஆடுறவர்தான் மாறினார்.

இந்த அநியாயத்தைக் காட்டுறதுக்காகவே அமெரிக்காவில் எலிசபெத் மேகி ஒரு ஆட்டம் செய்து, 1904-ல் காப்புரிமை வாங்கினார். அதில் ரெண்டு விதமான விதிகள். ஒன்றில் எல்லோருக்கும் பங்கு. இன்னொன்றில் ஒருத்தர் மற்ற எல்லோரையும் போண்டியாக்கணும். 1935-லிருந்து 'மோனோபோலி' என்ற பெயரில் விற்பனையாவது அந்த ரெண்டாவது மட்டும்தான்.

டைக்கூன் கேம் எல்லாமே நம்மை மன்னர் நாற்காலியில்தான் உட்கார வைக்குது. விலையைக் கேட்டுட்டு, வேற கடை இல்லாம, மூட்டையை இறக்கி வச்சிட்டுப் போறவரா ஆட ஒரு கேமை நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன். தெரிஞ்சா சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.